கோதுமையில் விதைப்பும் களையும்: நிலத்தைத் தயார் செய்வது முதல் அறுவடை வரை முழுமையான வழிகாட்டி

கோதுமைக் களையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே மருந்தின் பெயரில்தான் தொடங்குகிறது. எந்தக் களைக்கொல்லி, ஹெக்டேருக்கு எத்தனை கிராம், எந்த நாளில் தெளிப்பது என்று கேட்கிறோம். இவை தேவையான கேள்விகள்தான். ஆனால் இவற்றைக் கேட்கும் நேரத்தில் பயிர் முளைத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். விளைச்சலைத் தீர்மானிக்கும் பல முடிவுகளை அதற்குள் எடுத்து முடித்திருப்போம். விதை எந்த நாளில், எந்த ஆழத்தில், எவ்வளவு கிளறிய மண்ணில் விழுந்தது என்பதுதான் எத்தனை களை முளைக்கும், அது கோதுமையை எவ்வளவு அமுக்கும் என்பதை முடிவு செய்கிறது. விதைப்பே முதல் களையெடுப்பு. மருந்து அதற்குப் பின்னால் வர வேண்டியது.

களை எதைக் குறைக்கிறது?

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 400 கதிர்கள், கதிருக்கு 40 மணிகள், ஆயிரம் மணிகளின் எடை 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 640 கிராம் வரும், ஹெக்டேருக்கு 6.4 டன். இப்போது கதிர்களை மட்டும் 300 ஆகக் குறையுங்கள். கணக்கு 4.8 டன்னுக்கு இறங்கிவிடுகிறது. மணியின் பருமனோ கதிரின் நீளமோ மாறவில்லை.

களையின் முதல் அடி இந்தக் கதிர் எண்ணிக்கையில்தான் விழுகிறது. செடியின் அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைப்பதே தூர்கட்டுவது. கோதுமை தூர்கட்டும் பருவத்தில் பக்கத்தில் களை நின்றால் வெளிச்சமும் தழைச்சத்தும் பங்காகிப் போகும். பக்கத் தூர்கள் வராது, வந்தவையும் கதிர்விடாமல் காய்ந்துபோகும். தூர்கட்டும் பருவம் தாண்டிய பிறகு களையை எடுத்தால் வயல் பார்க்க அழகாகலாம், இழந்த தூர்கள் திரும்பி வராது. குளிர்காலம் மிதமாக இருக்கும் பகுதிகளில் விதைத்த மூன்றாவது வாரத்திலிருந்து ஆறு, ஏழு வாரம் வரை இந்த நெருக்கடிக் காலம் நீள்கிறது. பனி உறையும் நாடுகளில் நாள் கணக்கு வேறு. அங்கே மூன்று இலைப் பருவத்திலிருந்து தண்டு நீளத் தொடங்கும் வரை என்று பயிரைப் பார்த்துக் கணக்கிடுவதே சரி.

எருவைக் கூட்டினால் களையைச் சமாளித்துவிடலாம் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் பிராட்பாக் வயலில் 1843-ல் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் நடக்கிறது. தொடக்கத்தில் கையால் களை எடுத்தார்கள். பிறகு ஆள் கிடைக்காமல் களை மிஞ்சிப்போக, 1920-களில் நிலத்தைப் பகுதி பகுதியாகத் தரிசு போட்டுத்தான் அதை அடக்க முடிந்தது. ஆண்டு தவறாமல் உரம் பெற்ற வயலுக்கே இந்த நிலை. உரம் யாருக்குப் போகிறது என்பதை முதலில் முளைத்து வேரோடியவரே முடிவு செய்கிறார்.

முதல் வேலை: எந்தக் களை என்று அறிவது

விதைப்பதற்கு முந்தைய பருவத்திலேயே வயலைச் சுற்றி வந்து எந்தக் களை எங்கே திட்டாக நிற்கிறது என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். கோதுமைக் களைகளில் இரண்டு வகை. ஒன்று, சக்கரவர்த்திக் கீரை, காட்டு மசால், ரூமெக்ஸ் போன்ற அகன்ற இலைக் களைகள். இவற்றைக் கண்டுபிடிப்பதும் அழிப்பதும் ஓரளவு எளிது. மற்றது புல் வகை. பலாரிஸ் மைனர், காட்டு ஓட்ஸ், ரை புல், கரும்புல் ஆகியவை இதில் சேரும். இவையும் புல், கோதுமையும் புல் என்பதால்தான் சிக்கல்.

இளம் பருவத்தில் பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. கோதுமையில் இலை தண்டைத் தொடும் இடத்தில், தண்டைக் கவ்வியபடி இரண்டு சிறு நகம்போன்ற இலைச்செவிகள் இருக்கும்; அவற்றில் மெல்லிய மயிர் தெரியும். காட்டு ஓட்ஸுக்கும் பலாரிஸுக்கும் இலைச்செவி கிடையாது. காட்டு ஓட்ஸின் இளம் இலை, கோதுமை இலை முறுகும் திசைக்கு எதிர்த்திசையில் முறுகியிருக்கும். பலாரிஸ் செடியின் அடித்தண்டு செந்நிறம் காட்டும். கிள்ளினால் சிவந்த சாறு வரும். குனிந்து பார்த்தால் சில நிமிடங்களில் பழகிவிடும் வித்தை இது. கதிர் வந்த பிறகு யார் வேண்டுமானாலும் அடையாளம் சொல்லலாம், அப்போது சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது: களை விதையை உள்ளே விடாதிருப்பது, உள்ளே இருப்பதை ஏமாற்றி முளைக்க வைப்பது

விதைக் கோதுமையோடு கலந்து வரும் களை விதையை நாமே வரிசையில், சரியான ஆழத்தில், உரத்தோடு சேர்த்து நடுகிறோம். ஆகவே விதையைச் சலித்து, கையில் பரப்பிப் பார்த்த பின்பே விதைக்கருவியில் கொட்ட வேண்டும். முழுதாக மட்காத தொழு உரமும் களை விதைக்கு ஒரு வழி.

மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதைக்கு வேறு உபாயம். விதைப்புக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு முன் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுங்கள், அல்லது மழையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மேலாக இருக்கும் களை விதைகள் முளைக்கும். முளைத்ததும் மேல் மண்ணை மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் மட்டும் கீறி அழித்துவிட்டு, உடனே விதைக்க வேண்டும். இங்கே ஆழ உழுதால் செய்த வேலையெல்லாம் வீண். கீழே உறங்கும் அடுத்த தொகுதி விதை மேலே வந்துவிடும். உழவே செய்யாத நிலத்தில் இந்த முளைகளை கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்து அழிக்கிறார்கள்.

எல்லாருக்கும் இந்த முறை பொருந்தாது. நாள் கடந்து விதைப்பதால் வரும் இழப்பு, களை குறைவதால் வரும் லாபத்தைத் தின்றுவிடும் இடங்கள் உண்டு. விதைக்கும் நாளைப் பற்றித் தனியே பேச வேண்டியது அதனால்தான்.

மூன்றாவது: விதைக்கும் நாள்

இரண்டு ஊர்களின் அனுபவம் இங்கே நேர் எதிராக இருக்கிறது. இரண்டுமே சரி.

இங்கிலாந்தின் குளிர்காலக் கோதுமைக்குப் பெரிய எதிரி கரும்புல். அதன் விதைகளில் பெரும்பகுதி இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலேயே முளைத்துவிடும். அங்கே விவசாயிகள் விதைப்பைச் சில வாரம் தள்ளிப்போடுகிறார்கள். கரும்புல் முளைத்து முடியட்டும் என்று காத்திருந்து, அதை அழித்துவிட்டுக் கோதுமையை விதைக்கிறார்கள்.

வடமேற்கு இந்தியாவின் நெல்–கோதுமை நிலங்களில் எதிரி பலாரிஸ். அதற்கு மண் குளிர வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் மண் இன்னும் சற்று வெதுவெதுப்பாக இருக்கும்போதே கோதுமையை விதைத்தால், பலாரிஸ் கூட்டமாக முளைப்பதற்கு முன்பே கோதுமை வேர்விட்டு நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். டிசம்பருக்குத் தள்ளினால் இரண்டும் ஒன்றாக முளைக்கும். அத்தோடு மார்ச் மாத வெப்பம் மணி பால் பிடிக்கும் நேரத்தில் வந்து மணியைச் சுருக்கும். அங்கே தாமத விதைப்புக்கு இரட்டை அபராதம்.

ஆகவே "சீக்கிரம் விதை", "தாமதமாக விதை" என்ற பொது அறிவுரை எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். உங்கள் வயலின் முக்கியக் களை எந்த வெப்பத்தில் முளைக்கிறது என்று பாருங்கள். கோதுமை அதற்கு ஒரு வாரமாவது முந்தி முளைக்கும்படியோ, அது முளைத்து அழிந்த பிறகு முளைக்கும்படியோ நாளைக் குறியுங்கள். இரண்டும் சேர்ந்து முளைக்கும் நாள்தான் மிக மோசமான நாள்.

நான்காவது: விதைப்பு முறையைத் தேர்ந்தெடுப்பது

கையால் வீசி விதைப்பது வேகமான வேலை. ஈரம் மிகுந்து கருவி இறங்காத நிலத்தில் அதைத் தவிர வழியில்லாமலும் போகலாம். ஆனால் சில விதை மேலே கிடந்து பறவைக்குப் போகும், சில ஆழத்தில் புதைந்து போகும். முளைப்பு சீராக இராது. இடையில் விழும் வெற்றிடங்களில் களை குடியேறும். அந்தக் களையை எடுக்க உள்ளே நடந்தால் பயிர் மிதிபடும். இதை ஈடுகட்ட விதை அளவைக் கால்பங்கு வரை கூட்டுகிறார்கள். சீரின்மை அதனால் தீர்வதில்லை.

விதைக்கருவி கொண்டு 20 முதல் 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக விதைத்தால் ஆழம் ஒரே மாதிரி இருக்கும். விதைக்குச் சற்றுக் கீழே அல்லது பக்கத்தில் உரத்தையும் இட முடியும். உரத்தை வீசி இட்டால் அது இடைவெளியில் நிற்கும் களைக்கும் போகிறது; வரிசையில் இட்டால் கோதுமை வேருக்கு முதலில் எட்டுகிறது. இந்த ஒரு மாற்றத்தையே களைக்கட்டுப்பாடு என்று சொல்லத் தகும்.

வரிசையை இன்னும் நெருக்கினால் இலைவிரிப்பு சீக்கிரம் மூடும், களைக்கு வெளிச்சம் குறையும். தாமதமாக விதைக்கும்போது தூர்கட்ட நேரம் குறைவு என்பதால் 15 முதல் 18 சென்டிமீட்டருக்கு இறங்குவது வழக்கம். பாதி விதையை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்கிலும் விதைக்கும் குறுக்கு விதைப்பும் உண்டு. டென்மார்க்கில் வசந்தகாலக் கோதுமையை வைத்து நடந்த ஆய்வுகள், அடர்த்தி கூடுவதோடு செடிகள் நாலாபக்கமும் சம தூரத்தில் நின்றால் களையின் எடை மேலும் குறைவதைக் காட்டின. வழக்கமான வரிசையில் செடிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ள, இடைவெளி களைக்குக் காலியாகக் கிடக்கிறது. குறுக்கு விதைப்பு இதைச் சற்றுச் சரிசெய்கிறது. ஆனால் டிராக்டர் இருமுறை ஓட வேண்டும். இரண்டாம் ஓட்டம் முதல் வரிசையைக் கலைக்கும். பிறகு இடையுழவுக் கருவி உள்ளே போக முடியாது. கையாலோ கருவியாலோ களையெடுக்கப் போகிறவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

உழவில்லா விதைப்பைப் பற்றி நின்று பேச வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் ஹரியானாவில் பலாரிஸ் களை, அதுவரை அதைக் கட்டுப்படுத்திவந்த ஐசோபுரோட்டியூரான் மருந்துக்கு அடங்காமல் போனது. களை மண்டிய வயல்களில் கோதுமையைப் பச்சையாகவே அறுத்துத் தீவனமாக்க வேண்டிய நிலை வந்தது. அந்த நெருக்கடியில் புதிய மருந்துகளோடு சேர்ந்து பரவியதுதான் உழவில்லா விதைப்பு. நெல் அறுத்த நிலத்தை உழாமல், மெல்லிய கீறலில் விதையையும் உரத்தையும் இறக்கினார்கள். உழவுக்குச் செலவாகும் நாட்கள் மிச்சமாகி விதைப்பு முந்தியது. மண் கிளறப்படாததால் கீழே கிடந்த பலாரிஸ் விதை மேலே வரவில்லை. மேலே கிடந்த விதையில் ஒரு பகுதியை எறும்பும் வண்டும் தின்றன. வைக்கோலை எரிக்காமல் அதன் ஊடாகவே விதைக்கும் ஹேப்பி சீடர் கருவி வந்த பின் வைக்கோலே மூட்டாக்காகி வெளிச்சத்தையும் மறைத்தது.

இதற்கும் ஒரு விலை உண்டு. உழவில்லா நிலத்தில் பலாரிஸ் குறையும்போது ரூமெக்ஸ் போன்ற அகன்ற இலைக் களைகளும், அருகு, வயல் கொடி போன்ற பல்லாண்டுக் களைகளும் ஏறும். அவற்றுக்கு ஆண்டுதோறும் கண்காணிப்பு தேவை. வைக்கோல் கனமாகக் கிடந்தால் முளைக்கும் முன் தெளிக்கும் மருந்து மண்ணை எட்டாமல் அதிலேயே தங்கிவிடும். வைக்கோல் சீராகப் பரவாமல் குவியலாகக் கிடந்தால் அடியில் கோதுமையும் முளைக்காது. அறுவடை இயந்திரத்தின் பின்னால் வைக்கோலைப் பரப்பும் அமைப்பு இருக்கிறதா என்பதை நெல் அறுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேட்டுப்பாத்தி விதைப்புக்கு மெக்சிகோவின் சொனோரா மாநிலத்து யாக்கி பள்ளத்தாக்கு பெயர்பெற்றது. பாத்தியின் மேல் இரண்டு அல்லது மூன்று வரிசை கோதுமை. தண்ணீர் பாத்திகளுக்கு நடுவே உள்ள சாலில் மட்டும் ஓடும். பாத்தியின் மேற்பரப்பு காய்ந்தே இருப்பதால் அங்கே களை குறைவாக முளைக்கிறது. சாலில் முளைப்பதை இயந்திரத்தால் உழுதுவிடலாம். தண்ணீரும் மிச்சம். ஆனால் நன்றாகத் தூர்கட்டிச் சாலின் இடைவெளியை மூடும் ரகம் வேண்டும். உப்புப் படியும் மண்ணில் இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். உப்பு பாத்தியின் உச்சியில், விதை இருக்கும் இடத்திலேயே சேரும்.

ஐந்தாவது: ஆழமும் அளவும்

விதை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விழட்டும். இன்று பரவலாக உள்ள குட்டை ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு முளையைப் பொதிந்து மேலே கொண்டுவரும் உறையும் குட்டை. எட்டு, பத்து சென்டிமீட்டரில் புதைத்தால் முளை மேலே வரத் தடுமாறும், நாள் கடக்கும், மெலிந்து வரும். அந்தச் சில நாள் களைக்குப் போதும்.

விதை அளவைப் பழக்கத்தால் முடிவு செய்யாமல் எண்ணிக்கையிலிருந்து கணக்கிடுங்கள். சதுர மீட்டருக்கு 250 செடி வேண்டும், ஆயிரம் விதை 40 கிராம், நூறில் 85 செடியாக நிலைக்கும் என்றால்: 250 செடிக்கு 10 கிராம், அதை 0.85-ஆல் வகுத்தால் 11.8 கிராம், ஹெக்டேருக்கு 118 கிலோ. விதை பருமனான ரகமானால் கிலோ கூடும். களை அழுத்தம் அதிகமுள்ள வயலிலும் தாமத விதைப்பிலும் செடி எண்ணிக்கையைக் கூட்டுவது பயன்தரும். அளவு மீறினால் பயிர் சாயும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிறகு விதைக்கருவியை அளந்து பார்க்க வேண்டும். ஒன்பது வரிசை, 22.5 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் கருவியின் அகலம் ஏறத்தாழ 2 மீட்டர். ஓட்டும் சக்கரத்தின் சுற்றளவு 1.5 மீட்டர் என்றால் 20 சுற்றுக்கு 30 மீட்டர். பரப்பு சுமார் 61 சதுர மீட்டர். சக்கரத்தைத் தூக்கி 20 முறை சுற்றிக் குழாய்களில் விழும் விதையைப் பைகளில் பிடித்தால் மொத்தம் சுமார் 715 கிராம் வர வேண்டும். ஒவ்வொரு குழாயின் பையையும் தனித்தனியே எடை போடுங்கள். ஒரு குழாய் பாதி அடைத்திருந்தால் வயல் நெடுக ஒரு வரிசை மெலிந்து போகும். அங்கே களை கோடு போட்டதுபோல் வளரும்.

ஆறாவது: களைக்கொல்லி

உங்கள் நாட்டில் அனுமதி உள்ள மருந்தை, அதன் பெட்டியில் அச்சிட்ட அளவில் பயன்படுத்துவதே முதல் விதி. கீழே தரும் அளவுகள் இந்தியாவில் நடைமுறையில் உள்ளவை. கடையில் வாங்கும் மருந்தின் மொத்த எடையை அல்ல, அதில் களையைக் கொல்லும் செயல்படும் பொருளை மட்டும் குறிப்பவை.

முளைக்கும் முன் தெளிப்பதற்குப் பெண்டிமெத்தலின் ஹெக்டேருக்கு 1 கிலோ, விதைத்த மூன்று நாளுக்குள், சுமார் 500 லிட்டர் தண்ணீரில். மண்ணில் ஈரம் வேண்டும், கட்டி இருக்கக் கூடாது. முளைத்த பின் தெளிப்பவற்றில் புல் வகைக்கு குளோடினாஃபாப் 60 கிராம். புல்லும் சில அகன்ற இலைகளும் இருந்தால் சல்ஃபோசல்ஃபியூரான் 25 கிராம். அகன்ற இலைக்கு மட்டும் மெட்சல்ஃபியூரான் 4 கிராம் அல்லது 2,4-டி 500 கிராம். முதல் தண்ணீர் விதைத்த 20 முதல் 25 நாளில், தண்டின் அடியிலிருந்து நிலையான வேர் இறங்கும் பருவத்தில் கொடுக்கப்படுகிறது. அதன் பின் கால் புதையாத பதம் வந்ததும், களை இரண்டு முதல் நான்கு இலையில் இருக்கும்போது தெளிப்பதே சிறந்த தருணம்.

எச்சரிக்கைகள் சில. 2,4-டி மருந்தைத் தூர்கட்டுவதற்கு முன்போ தண்டு நீளத் தொடங்கிய பின்போ தெளித்தால் கதிர்கள் கோணிப்போகும். குளோடினாஃபாபோடு 2,4-டி-யைக் கலந்தால் புல்லைக் கொல்லும் ஆற்றல் குறைகிறது. ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். சல்ஃபோசல்ஃபியூரான் மண்ணில் தங்கி அடுத்து வரும் மக்காச்சோளத்தையும் சோளத்தையும் பாதிக்கும்.

நல்ல மருந்து தோற்பது பெரும்பாலும் தெளிப்பில்தான். விசிறி வடிவ நாசில் போடுங்கள். வெறும் தண்ணீரை நிரப்பி 100 சதுர மீட்டரை வழக்கமான நடையில் தெளித்துப் பாருங்கள். 4 லிட்டர் செலவானால் ஹெக்டேருக்கு 400 லிட்டர்; 16 லிட்டர் டாங்க் 400 சதுர மீட்டருக்கு வரும். 15 சதவீத குளோடினாஃபாப் தூள் ஹெக்டேருக்கு 400 கிராம் என்றால் டாங்குக்கு 16 கிராம். மூடியால் அள்ளிப் போடும் பழக்கம் களைக்குப் பாதி மருந்தைக் கொடுத்து அதைப் பழக்குகிறது. கிளைபோசேட்டுக்குக் கலங்கல் தண்ணீர் கூடாது. களிமண் துகள் அதைச் செயலிழக்கச் செய்யும். காற்று வீசும்போது தெளிக்க வேண்டாம். கையுறை, முகமூடி இல்லாமல் தெளிக்கவே வேண்டாம்.

ஒரே வகை மருந்தை ஆண்டுக்கு ஆண்டு திருப்பித் தெளித்தால் தாங்கும் செடிகள் மட்டும் விதைவிடும். பெயர் மாறினால் போதாது, களையைக் கொல்லும் வழி மாற வேண்டும். சல்ஃபோசல்ஃபியூரானும் மெட்சல்ஃபியூரானும் களையின் ஒரே நொதியைத்தான் தாக்குகின்றன.

ஏழாவது: தப்பியவை, பயிர்ச் சுழற்சி, அறுவடை

தெளித்த பிறகும் நிற்கும் களையைக் கதிர் முற்றும் முன் கையால் பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோங்கள். இந்த ஆண்டின் விளைச்சலுக்கு இதனால் பெரிய லாபமில்லை. வரும் ஆண்டுகளுக்கு உண்டு. ஒரு சக்கரவர்த்திக் கீரைச் செடி ஆயிரக்கணக்கில் விதைவிடும், அந்த விதைகள் மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும்.

பயிரை மாற்றுவது இன்னும் வலுவான வழி. இடையில் ஒரு பருவம் பெர்சீம் போன்ற தீவனப் பயிரைப் போட்டுத் திரும்பத் திரும்ப அறுத்தால் பலாரிஸ் விதைவிடும் முன்பே அதனோடு அறுபட்டுப் போகும். மேற்கு ஆஸ்திரேலியாவில் மருந்துக்கு அடங்காத ரை புல்லை அறுவடை நேரத்திலேயே பிடிக்கிறார்கள். இயந்திரத்திலிருந்து வெளிவரும் பதரோடு களை விதையும் வருவதால், பதரை ஒரே கோட்டில் கொட்டி மட்கவிடுவது ஒரு முறை. விவசாயி ரே ஹாரிங்டன் உருவாக்கிய அரைக்கும் கருவியால் விதையை நொறுக்குவது இன்னொன்று. இது எல்லாக் களைக்கும் பலிக்காது. கோதுமைக்கு முன்பே விதை உதிர்க்கும் களையைப் பிடிக்க முடியாது. வயல் மாறும் முன் அறுவடை இயந்திரத்தைச் சுத்தம் செய்வதற்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது.

மருந்துக்கு அடங்காத களை என்ற சந்தேகம் வந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். தெளித்தும் பிழைத்த செடிகளின் முற்றிய விதையை ஒரு உறையில் எடுங்கள். மருந்தே படாத ஓர் இடத்திலிருந்து அதே களையின் விதையை இன்னொரு உறையில் எடுங்கள். புது விதை உறக்கத்தில் இருக்கும் என்பதால் அடுத்த பருவம் வரை உலர்வாக வைத்து, இரண்டையும் தனித்தனித் தொட்டிகளில் விதையுங்கள். ஒவ்வொன்றிலும் சில தொட்டிகளைத் தெளிக்காமல் விடுங்கள். மற்றவற்றுக்கு இரண்டு, மூன்று இலைப் பருவத்தில் முழு அளவு மருந்து தெளித்து மூன்று வாரம் கழித்து எண்ணுங்கள். மருந்து படாத இடத்து விதையின் செடிகள் செத்து, உங்கள் வயலின் செடிகள் மட்டும் பிழைத்திருந்தால் அந்த மருந்து வகையை அங்கே நிறுத்திவிடுங்கள். இரண்டும் பிழைத்திருந்தால் மருந்தின் தரத்தையும் அளவையும் நாசிலையும் சரிபாருங்கள். இரண்டுமே செத்திருந்தால் தெளித்த நாளையும் மண்ணின் ஈரத்தையும் பாருங்கள். உங்கள் வயலில் மருந்து இன்னும் வேலை செய்கிறது.